முள் கத்தரிக்குப் பெயர் வந்தது, விலை வருமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே சமயத்தில் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு காயைக் காத்து வந்த உழவர்களுக்கு இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இனிமேல் காய்க்குத் தானாகவே நல்ல விலை வந்துவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. வேறு ஊர்க் காயை இலவம்பாடிக் காய் என்று சொல்லி விற்பதைத் தடுக்க இச்சட்டம் உதவும். பதிவு பத்தாண்டுக் காலத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக் கொள்ளலாம். குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு உழவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. இவ்வளவும் பெயரைக் காப்பதற்கான ஏற்பாடு. அந்தப் பெயரில் எந்தக் காயை, யாருக்கு, எந்தத் தரத்தில், எப்படிக் கட்டி விற்பது என்பதைச் சட்டம் சொல்லாது. அதை உழவர்கள்தான் கூடி முடிவு செய்தல் வேண்டும். வியாபாரிகள் பேச்சில் சொன்னால், இதுதான் சரக்குத் திட்டம். முள் கத்தரிக்கு இன்று குறைவாக இருப்பது அதுவே.

இந்தத் திட்டம் என்றால் என்ன என்று அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிலின் கதையைப் பார்த்தாலே போதும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை அரைகுறைச் சரக்காகவே கப்பலேற்றி அனுப்பும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலம் இருந்தது. அதை முழுமையாக்கிச் செருப்பும் பூட்சும் செய்து, பெரும் இலாபத்தை வெளிநாட்டார் எடுத்துக் கொண்டனர். சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. அரைப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. அப்போது வழி அடைபட்டது போலத் தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளில் முழுத் தோல், பிறகு காலணியின் மேற்பகுதி, பிறகு முழுக் காலணி என்று தொழில் படியேறியது. தோல் மாறவில்லை. யாருக்கு என்ன செய்து கொடுப்பது என்பது மாறியது. வெளிநாட்டு வியாபாரி கொடுத்த மாதிரிக்குச் சிறிது பிசகினாலும் சரக்கு திரும்பி வரும் என்ற கண்டிப்பையும் தொழில் அப்போதுதான் கற்றது.

இதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகைக்குச் செய்த கேட்டை உழவர்கள் மறக்கமாட்டார்கள், மறக்கவும் கூடாது. சுமார் 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறிய ஆய்வு, 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. ஆயினும் சரக்கை நிர்ணயிக்கும் பாடத்தை அவர்களிடமிருந்து கற்பதில் தவறில்லை.

இனி கத்தரிக்கு வருவோம். முள் கத்தரியின் தண்டு, இலை, காம்பு, காயின் தொப்பி எங்கும் முள். பறிப்பவர் விரலில் குத்தும். ஆகையால் கூலியாட்கள் முள்ளில்லாத கலப்பினக் கத்தரி வயலுக்கே விரும்பிப் போவார்கள். கோணிப்பையில் அடைத்தால் ஒரு காயின் முள் மறு காயைக் குத்தும். குத்திய இடம் கறுத்து, காய் அழுகத் தொடங்கும். இதனால் சில வியாபாரிகள் தொப்பியை நறுக்கிவிட்டுக் கொண்டு வரும்படி சொல்லக்கூடும். அது கூடவே கூடாது. சந்தையில் காய் வாங்கும் பெண்மணி முத்திரைச் சீட்டைப் படிக்கப் போவதில்லை. முள்ளைப் பார்த்துத்தான் அசல் காய் என்று நம்புவாள். முள்ளை நறுக்கினால் அடையாளமே போய்விடும். முள்ளோடு, ஒரு விரற்கடைக் காம்போடு, விடியற்காலையில் கத்தியால் அறுத்து, கோணியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேற்படாமல் வைத்து அனுப்புவதே சரி.

அடுத்த கேள்வி, யாருக்கு விற்பது? எல்லோருக்கும் என்று பதில் சொன்னால் யாருக்கும் இல்லை என்றே பொருள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்கித் தாமே சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் ஏராளம். கத்தரியில் அவர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் வட்டமாக வில்லை நறுக்கி எண்ணெயில் பொரிக்க அவர்கள் தேடுவது பெரிய குண்டுக் காய். இலவம்பாடிக் காய் நடுத்தர அளவுடையது, சதைப்பற்றுள்ளது, நாலாகக் கீறி முழுதாகக் குழம்பில் போடத் தக்கது. எனவே அதன் இயல்பான இடம் பிரியாணிக் கடை. ஆம்பூர் பிரியாணியின் பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு இல்லாவிட்டால் இலை நிறையாது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இலவம்பாடியிலிருந்து சில மணி நேரத்துக்குள் சேரக்கூடிய ஊர்கள். பக்கத்திலேயே இப்படி ஒரு வாடிக்கை இருக்கும்போது சென்னைக் கோயம்பேட்டுக்கு முதலில் ஓடுவானேன்?

கடைக்காரர் ஒரு நாள் வாங்கிவிட்டு நிறுத்துபவர் அல்ல. தினமும் வேண்டும், ஒரே அளவில் வேண்டும். ஊரே ஒரே வாரத்தில் நாற்று நட்டால் ஒரு மாதம் குவியும், அடுத்த மாதம் காய் இராது. நாற்றங்காலை மூன்று வார இடைவெளியில் மூன்று நான்கு தவணையாகப் பிரித்து விட்டால் வரத்து சீராகும். எந்த உழவர் எந்தத் தவணை என்பதைக் குழுவில் சீட்டுப் போட்டாவது தீர்மானிக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் கத்தரி கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தரம் பிரிக்காத 100 கிலோ முள் கத்தரியும் 2,500 ரூபாய்க்கே போகும். அதையே பிரித்து, முதல் தரம் 60 கிலோவைப் பெயரோடு 40 ரூபாய்க்கு விற்றால் 2,400 ரூபாய். இரண்டாந்தரம் 30 கிலோ பெயரில்லாமல் 25 ரூபாய்க்குப் போனால் 750 ரூபாய். சொத்தை 10 கிலோ குப்பைக் குழிக்கு. மொத்தம் 3,150 ரூபாய். தரம் பிரிக்கும் கூலிக்கும் பெட்டிக்கும் 250 ரூபாய் கழித்தாலும் 400 ரூபாய் மிச்சம். இது உதாரணக் கணக்குதான். விலை நாளுக்கு நாள் மாறும். ஆனால் இரண்டாந்தரக் காயையும் ஆசைப்பட்டுப் பெயருள்ள பெட்டியில் கலந்துவிட்டால் 40 ரூபாய் கொடுப்பவர் மறுநாள் வரமாட்டார்.

அரை ஏக்கர் உழவர் காயை ஒதுக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒதுக்கிய காயை எறியச் சொல்லவில்லை. சாதாரணக் காயாக விற்கலாம், வரத்து மிகுந்த நாளில் அரிந்து உப்பிட்டு வற்றலாக்கலாம். ஒதுக்கும் அதிகாரம் தனி உழவரிடம் இருந்தால் நடக்காது. உறவும் பழக்கமும் குறுக்கே வரும். உழவர் குழு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, அவர் சொல்லே முடிவு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் வெளியூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது!

சொத்தைக் காய் குறையாமல் இந்தக் கணக்கு நிற்காது. தண்டு மற்றும் காய்த் துளைப்பான் புழுவுக்குப் பயந்து வாரந்தோறும் மருந்து அடிப்பது செலவையும் நஞ்சையும் சேர்க்கும். வாடிய நுனித் தண்டுகளைக் கிள்ளி அழித்தல், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, துளைபட்ட காயை வரப்பில் வீசாமல் புதைத்தல் ஆகியவற்றை ஊர் முழுவதும் சேர்ந்து செய்தால்தான் பலன். பக்கத்து வயல்காரர் செய்யாவிட்டால் அந்துப்பூச்சிக்கு வரப்பு ஒரு தடையா?

காட்பாடிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை, பெங்களூர், திருப்பதி, விழுப்புரம் வழிகள் கூடும் சந்திப்பு இது. இங்குள்ள உழவர் சந்தையில் ஒரே ஒரு தட்டு, ஊர்ப் பெயர் எழுதிய பலகையோடு, தரம் பிரித்த காயோடு நாள் தவறாமல் வைக்கப்பட்டால், விலையைச் சோதித்துப் பார்க்க அதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. 40 ரூபாய்க்குப் போகிறதா, 35க்கா, எந்த அளவு முதலில் தீர்கிறது என்பதை ஒரு மாதத்தில் அறிந்து கொள்ளலாம். ஆராய்ச்சியாளர்களும் அதிகாரிகளும் எக்டருக்கு எத்தனை டன், மாவட்டத்துக்கு எத்தனை குறியீடு என்று எண்ணுவதோடு, இந்தத் தட்டின் கணக்கையும் வாங்கிப் பார்த்தல் நலம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விதை. விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்கும் குறியீடு உண்டு. ஆனால் முடிக்கொத்து நோயால் தோட்டங்கள் அழிந்த அம்மலைகளில், நோயற்ற கன்று இருந்தால்தான் பெயருக்கேற்ற பழம் கிடைக்கும். கத்தரியில் ஆபத்து வேறு விதம். அயல் மகரந்தம் ஓரளவு சேரும் பயிர் இது. பக்கத்தில் கலப்பினக் கத்தரி இருந்தால் சில பருவங்களிலேயே முள்ளும் ருசியும் மாறிவிடக்கூடும். விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இலவம்பாடிக் கத்தரியிலிருந்தே தேர்ந்தெடுத்து வி.ஆர்.எம். 1 இரகத்தை உருவாக்கியுள்ளது. விதைக்கு அங்கே கேட்கலாம். சொந்த விதை எடுப்போர் வேறு கத்தரியிலிருந்து குறைந்தது 100 மீட்டர், ஆதார விதைக்கு 200 மீட்டர் தள்ளி வயலைத் தேர்ந்தெடுத்து, முள் நிறைந்த நல்ல செடிகளை மட்டும் குறித்து வைத்து, காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த பிறகு விதை எடுக்க வேண்டும். மே - ஜூன் நாற்றங்காலுக்கு வேண்டிய விதைக்கு, இப்போது வயலில் நிற்கும் டிசம்பர் - ஜனவரிப் பயிரிலேயே செடிகளைக் குறித்து நாடா கட்டிவிடலாம்.