மேல்வானத்துக் காற்றும் கொறங்காடும்

குண்டடம் பிர்க்காவில் தென்மேற்குப் பருவம் காற்றைத் தருமேயன்றி மழையை அதிகம் தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையே இங்குள்ள மேட்டுநிலங்களுக்கு ஜீவாதாரமாகும். அம்மழையின் போக்கை மாற்றவல்ல காரணங்களுள் ஒன்றைக் குடியானவர்கள் அறிதல் நலம். குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ‘ஜெட்’ என்னும் கடுங்காற்று ஓடுகிறது. அது வளைந்து தெற்கே இறங்குங்கால், வங்கக் கடற்புயல்கள் நமது கரையை விட்டு வடக்கே திரும்பிவிடுவதுண்டு.

பூமத்திய ரேகைப் பிரதேசத்தின் உஷ்ணத்திற்கும் துருவத்தின் குளிருக்கும் உள்ள வித்தியாசமே இக்காற்றுக்கு விசையாகும். இப்பொழுது வடதுருவம் உலக சராசரியைவிட இரு மடங்குக்கும் மேலாகச் சூடேறி வருகிறது. ஆதலால் இக்காற்று தளர்ந்து, முன்னிலும் அதிகமாக வளையக்கூடுமென்று ஜெனிபர் பிரான்ஸிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 2012ஆம் வருஷத்தில் எழுதினர். உஷ்ணப் பிரதேசத்தின் மேல்வானமும் மிகுதியாகச் சூடேறுவதால், அவ்வுயரத்தில் வித்தியாசம் பெருகவுங்கூடும் என்பது எதிர்வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை.

அது முடியட்டும் என்று நாம் காத்திருத்தல் தகாது. 2015இல் வடகிழக்குப் பருவமழை மிகுந்து சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. மறுவருஷமே அம்மழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இவ்விரண்டிற்கும் ஜெட் காற்றே காரணமென்பது நமது கருத்தன்று. இரண்டையும் தாங்கத்தக்க சாகுபடி முறை எது என்பதே கேள்வி.

அத்தகைய முறை முன்னோர் விட்டுச்சென்ற கொறங்காடே. சிறு மழைக்கும் தளிர்க்கும் கொழுக்கட்டைப் புல், கோடையில் ஆடுகளுக்குக் காய் உதிர்க்கும் வெள்வேல மரம், செலவின்றி நிற்கும் கிளுவை வேலி ஆகிய மூன்றும் காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் காத்துவந்துள்ளன. மழை பெய்த வருஷத்தில் மக்காச்சோளம் கூடுதல் வருமானம் தரும் என்பது மெய்யே. ஆயினும் ஒரு நல்ல வருஷத்தை நம்பிக் கொறங்காட்டை உழுவதும், விலை வந்ததென்று மனைகளாகப் பிரித்து விற்பதும், விதைத் தானியத்தை உண்பதற்கு ஒப்பாகும்.

நிலக்காரர்கள் தம் பூமியில் ஒரு பகுதியையேனும் கொறங்காடாக நிறுத்துவார்களாக. கிராம அதிகாரிகள் அதைத் தரிசென்று எண்ணாமல், மேய்ச்சல் நிலமாகவே அடங்கலில் குறித்து, ஊர்தோறும் மழையளவையும் பதிந்துவருதல் வேண்டும்.