அரை மணி நேர வேலையாம்!

டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜ் பழசாகக் கிடந்தால் போதும், "பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி பில்ட் செய்தால் முடிந்தது, தன்னார்வலர்களுக்குச் சோம்பல்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

வேலை எண்ணில் இல்லை. டெபியன் தன் பங்குக்குச் சேர்த்த பேட்ச்கள் புதிய மூலநிரலோடு பொருந்துகின்றனவா, புதிதாக நுழைந்த கோப்புகளின் உரிமம் என்ன என்று பார்க்க வேண்டும். அது ஒரு லைப்ரரியாக இருந்து, இடைமுகமும் மாறியிருந்தால், அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் அத்தனையையும் மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். எது உடைந்தாலும் வசவு அந்தத் தன்னார்வலர்களுக்குத்தான். சம்பளம் மட்டும் கிடையாது.

புதிது என்றாலே நல்லது என்பவர்கள் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளை மறந்துவிட்டார்களா? 2024 மார்ச்சில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று அம்பலமானது. டெபியனின் சோதனைக் கிளைவரை அது வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பு தப்பியது, அங்கே பழையதே இருந்ததால். அங்கே பொதுவாக எண் பழசாகவே நிற்கும். பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத்திருத்தமும் மட்டும் உள்ளே வந்துசேரும். எண்ணைப் பார்த்தே ஓட்டை என்று தீர்ப்பெழுதுவது அறியாமை.

கவனிப்பாரற்ற பேக்கேஜ்கள் இல்லையா? உண்டு. அவற்றை வேறொருவர் ஏற்றுக்கொள்ள டெபியனில் முறையான வழியும் உண்டு; உறுப்பினர் அல்லாதவரும் பேட்ச் அனுப்பலாம். அரை மணி நேரம் கையிலிருப்பவர்கள் இன்றே தொடங்குங்கள்.