அண்ணன் கொடுத்த ‘மஞ்சள் நோட்டீஸ்’ பல வருஷம் கழித்து தங்கையின் வீட்டுக்கு வருமா?

வரும். வீட்டை விற்க ஆள் பார்த்து, அட்வான்ஸும் கை மாறிய பிறகு, வாங்குகிறவரின் வக்கீல் பழைய பேப்பரைப் புரட்டும் நாளில்கூட வரலாம்.

கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் திவால் மனு போடுவதைத்தான் நம்ம ஊரில் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்’, ‘ஐ.பி. கொடுத்துட்டார்’ என்கிறோம். நோட்டீஸ் போயாச்சு, கடன் கொடுத்தவங்க இனி வாசலுக்கு வர முடியாது, அவ்ளோதான் என்று பேச்சில் அது கதையின் முடிவு மாதிரி ஒலிக்கும். சட்டத்தில் அது முதல் பக்கம் மட்டும்தான்.

சென்னைக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தவை, இன்றும் உயிரோடு இருப்பவை. 2016-ல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்கலாம். அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான்.

1920-ம் ஆண்டுச் சட்டப்படி, கோர்ட் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும், அவருடைய சொத்து கோர்ட்டுக்கோ, அதன் சார்பில் அபிஷியல் ரிசீவருக்கோ போய்விடும். இதற்குத் தனியாகப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. உத்தரவு வந்தாலே போதும். கூட்டுச் சொத்தாக இருந்தால் அவருடைய பங்கு மட்டும் போகும். மற்றவர்களின் பங்கைத் தொட முடியாது. (பூர்வீகச் சொத்தில் அப்பாவே திவாலானால் மகனின் பங்குவரை போகிற பழைய விதி ஒன்று உண்டு. அப்பாவின் கடனை அடைப்பது மகனின் கடமை என்ற கருத்தை 2005-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் புதிய கடன்களுக்கு எடுத்துவிட்டது. அது தனிக் கதை.)

இதுவரைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் அடுத்த வரியில். திவால் அறிவிப்புக்குப் பிறகு, கோர்ட் ‘டிஸ்சார்ஜ்’ அதாவது விடுவிப்பு உத்தரவு தரும்வரை, அவருக்குப் புதிதாகச் சேரும் சொத்தும் உடனே ரிசீவருக்குப் போகும். சம்பாதித்து வாங்கியது மட்டுமல்ல, வாரிசாக வந்ததும் சேர்த்துத்தான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரோடு பக்கம் விசைத்தறி வைத்திருந்த அண்ணன், 2008-ல் திவாலானவர் என்று அறிவிக்கப்படுகிறார். வீடு அப்போது அப்பா பெயரில், அவர் சொந்தமாக வாங்கியது. அதனால் யாரும் கவலைப்படவில்லை. 2019-ல் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோகிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், தங்கை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் டிஸ்சார்ஜ் வாங்காமலேயே இருந்து, பழைய உத்தரவும் ரத்தாகாமல் இருந்தால், அந்த மூன்றில் ஒரு பங்கு அண்ணனுடையது இல்லை, ரிசீவருடையது. 11 வருஷத்துக்கு முந்தைய நோட்டீஸ் இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

‘அண்ணன் என் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாரே’ என்று தங்கை சொல்லலாம். தன்னிடம் இல்லாத பங்கை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. திவால் மனுவுக்கு முன்பே எழுதியிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பத்திரம் எழுதி 2 வருஷத்துக்குள் மனு தாக்கலாகி, அதன்பேரில் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், உரிய விலை வாங்காமல் எழுதிய பத்திரத்தை ரிசீவர் கேட்டு கோர்ட் ரத்து செய்யலாம். இதே வீட்டை அப்பா உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதி அம்மாவுக்கோ மகளுக்கோ விட்டிருந்தால் இந்தப் பிரச்னையே வந்திருக்காது. அது அவர் சொத்து, அவர் இஷ்டம்.

டிஸ்சார்ஜ் தானாக வருவதில்லை. கோர்ட் சொன்ன காலத்துக்குள் திவாலானவர் மனு போட வேண்டும். போடாவிட்டால் திவால் அறிவிப்பையே கோர்ட் ரத்து செய்யலாம். ரத்தானால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ரத்தானால் கடன்கள் மறுபடி உயிர் பெறும். அறிவிப்பு நாளிலிருந்து ரத்தான நாள்வரை உள்ள காலத்தை, வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவில் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம். ‘இத்தனை வருஷம் ஆச்சு, எல்லாம் காலாவதி’ என்று நினைத்த கடன், அண்ணனின் பங்கைத் தேடி மறுபடி வர வழி இருக்கிறது.

தங்கைக்கு என்ன வழி?

முதலில் அண்ணனின் ஐ.பி. நம்பரைத் தேடிப் பிடித்து, வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று கோர்ட்டில் சான்று நகல் வாங்க வேண்டும். மனு தள்ளுபடி, அறிவிப்பு, ரத்து, டிஸ்சார்ஜ் இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். டிஸ்சார்ஜ் முன்பே கிடைத்திருந்தால், அதற்குப் பிறகு வாரிசாக வந்த பங்கு அண்ணனுக்கே சொந்தம்.

பங்கு ரிசீவரிடம் இருந்தால், குடும்பமே அதை விலைக்குக் கேட்கலாம். வெளியாள் வாங்கினாலும் தங்கையும் அம்மாவும் உடனே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, உள்ளே வந்து கூடக் குடியிருக்கும் உரிமை இல்லை என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, கோர்ட் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தினரே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். வீட்டைக் காப்பாற்ற வலுவான பிடி இதுதான்.

கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்தச் சுமை எத்தனை வருஷம், யார் தலையில், யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் 2004 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. திவாலானவர் குடியிருந்த வீட்டில் அவருக்குள்ள பங்கின் மீது, நிர்வாகி பொதுவாக 3 வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பங்கு அவருக்கே திரும்பிவிடும். நம் 1920-ம் ஆண்டுச் சட்டத்தில் ரிசீவருக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் தனிநபர் பகுதியிலாவது, ஒரு வருஷம் முடிந்ததும் டிஸ்சார்ஜுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு திவால் நிர்வாகியின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அதை எல்லோருக்கும் அமல்படுத்த மத்திய அரசு இன்னும் தேதி குறிக்கவில்லை.

அதுவரை மாநில அரசு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை வைத்துத் தயாராவது. பத்திரமே இல்லாமல் சொத்து ரிசீவருக்கு மாறும்போது, வில்லங்கம் பார்ப்பவருக்கு அது தெரியாமல் போகிறது. திவால் அறிவிப்பு அரசிதழில் வரத்தான் செய்கிறது, ஆனால் வீடு வாங்கும் யார் அரசிதழைப் புரட்டுகிறார்கள்? திவால் அறிவிப்பு, ரத்து, டிஸ்சார்ஜ் என ஒவ்வொரு உத்தரவும் கோர்ட்டிலிருந்து பதிவுத்துறைக்குப் போய், அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே வில்லங்கத்தில் ஏற வேண்டும். பின்னாளில் வாரிசாக வரும் சொத்துக்கு, திவாலானவரின் பெயரை வைத்துத் தேடும் வசதி வேண்டும்.