சலான் எழுதுறவன் எந்தக் கணக்குல வருவான்?



இதழ் இந்த முறையும் தாமதம். அச்சகக் கடன், காகித விலை என்ற பழைய பாட்டைத் திரும்பப் பாடப் போவதில்லை. இந்தத் தலையங்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், அதுதான் காரணம். கிழிக்க வைத்தவன் ஒரு தம்பி.

அறந்தாங்கியில் நான் எழுத்தராக இருக்கும் வங்கிக் கிளையின் வாசலில் உட்கார்ந்திருப்பான். பணம் எடுக்க வரும் கிழவன் கிழவிகளுக்குச் சலான் எழுதிக் கொடுப்பான். ஒரு சலானுக்குப் பத்து ரூபாய். இல்லாதவங்ககிட்ட அஞ்சு. அதுவும் இல்லேன்னா சும்மா. எம்.ஏ. வரலாறு படித்தவன். சேரியில் அவன் தெருவின் முதல் எம்.ஏ. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, புதுப்பித்து, அட்டைதான் நைந்து போயிருக்கிறது.

ஒருநாள் டீக்கடையில் பேப்பரைக் காட்டினான். இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று செய்தி. "அண்ணே, நான் அந்த மூணுல வருவேனா, மீதி தொண்ணூத்தேழுல வருவேனா?" என்று கேட்டான். வங்கியில் நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறவன் நான். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு நம்ம நாட்டுக் கணக்கோடு சுற்றியுள்ள நாடுகளின் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

இந்தியா, 2023-24: 3.2. வங்காளதேசம், 2022: 3.5. இலங்கை, 2023: 4.7. பாகிஸ்தான், 2020-21: 6.3. நேபாளம், 2022-23: 12.6.

இதைப் பார்த்தால் நாமதான் ராஜா. நேபாளி நம்மைவிட நாலு மடங்கு வேலையில்லாதவன். ஆனால் எண்ணை எழுதுவதற்கு முன்னால் எதை எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டாமா?

நம்ம கணக்கெடுப்பில் வழக்கமான நிலை என்று ஓர் அளவுகோல் உண்டு. 3.2 என்பது அதில் வந்ததுதான். ஆண்டு முழுக்கச் சும்மா இருந்தாலும், துணை வேலையாக 30 நாள் எதையாவது செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். நூறு நாள் வேலைக்குப் போய் ஒரு மாசம் கண்மாய் வெட்டிய ஆத்தா வேலையில் இருப்பவர். அண்ணன் பெட்டிக்கடையில் கூலியில்லாமல் நிற்கிற தங்கச்சியும் அப்படியே. வார நிலை என்று இன்னோர் அளவுகோல். அதில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆக, நம்ம தம்பி தொண்ணூத்தேழில்தான் வருகிறான். சலான் எழுதுவது சுயதொழிலாம்!

நேபாளம் 2017-18 கணக்கெடுப்பில் இந்த அளவுகோலை மாற்றியது. 2013இல் சர்வதேசப் புள்ளியியலாளர் மாநாடு வகுத்த புதிய முறைப்படி, தன் வீட்டுச் சோற்றுக்காக உழுவது உழைப்புதான், ஆனால் வேலைவாய்ப்பு ஆகாது. விகிதம் 11.4 என்று வந்தது. அவர்கள் கணக்கில் வெளியே தெரிவது நம்ம கணக்கில் உள்ளே மறைந்து கிடக்கிறது.

இதற்கு மேலும் சாட்சி வேண்டுமென்றால் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2022இல் இலங்கை திவாலானது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. வறுமை ஒரே ஆண்டில் 13இலிருந்து 25 சதவீதமானது என்று உலக வங்கி மதிப்பிட்டது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். அந்த ஆண்டு வேலையின்மை? 2021இல் 5.1, 2022இல் 4.7. குறைந்திருக்கிறது!

மாயமில்லை தோழர்களே. வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். மூணு வருசம் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறவனுக்குச் சோறு போட அப்பனுக்கு நிலமோ பென்சனோ இருக்க வேண்டும். இல்லாதவன் மறுநாள் காலையே கிடைத்ததைச் செய்வான். கிடைத்ததைச் செய்த உடனே அவன் கணக்கிலிருந்து காணாமல் போவான். பசி கூடினால் இந்த எண் குறையவும் செய்யும். இந்தியாவில் 2017-18இலிருந்து 2023-24க்குள் மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8இலிருந்து 21.7ஆக இறங்கியிருக்கிறது. சுயதொழில் செய்வோர் பங்கு 52.2இலிருந்து 58.4ஆக ஏறியிருக்கிறது. சலான் எழுதுறவன் பெருகியிருக்கிறான். இதுதான் வளர்ச்சியா?

அந்தத் தம்பியின் தாத்தா கண்டிச் சீமைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து சுமந்தவர். புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிப் போன சனத்தில் பெரும்பகுதி நம்ம சனம். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று ஆடுமாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். இங்கே வந்தவருக்கு நிலமில்லை. அங்கே தங்கியவருக்கு ஆயிரம் ரூபாய் நாள்கூலி 2021இல்தான் கிடைத்தது. இந்த இரண்டு பேருமே எந்த ஆண்டிலும் வேலையில்லாதவர் பட்டியலில் இருந்ததில்லை. ஓய்வில்லாத உழைப்பு, ஒழியாத பட்டினி.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். எந்த வேலை யாருக்கு?

1947இல் நாடு பிரிந்தபோது கராச்சியிலிருந்து போகிறவனெல்லாம் போகலாம், துப்புரவுத் தொழிலாளி மட்டும் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அத்தியாவசியச் சேவையாம்! அந்த டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் இதைக் கண்டித்து நேருவுக்குக் கடிதம் எழுதினார். இந்த உலகத்தில் நம்மைப் போகாதே என்று பிடித்து நிறுத்திய ஒரே வேலை மலம் அள்ளுவதுதான். பாகிஸ்தானில் துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரங்கள் வந்திருக்கின்றன. மதம் மாறிக் கிறித்தவரான தலித் மக்கள் கையில்தான் அங்கே துடைப்பம். டாக்காவில் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுபோன தெலுங்கு பேசும் சனம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் நகரசபைத் துப்புரவுக்கு இங்கிருந்து கொண்டுபோன நம்ம சனம். கொடி நாலு, மதம் நாலு, துடைப்பம் ஒண்ணு. சாதி மனிதனைப் பிறந்த தொழிலிலேயே கட்டிப்போடுவதால் வேலையின்மைக்கே அது நேரடிக் காரணமாகிறது என்று 1936இலேயே அண்ணல் காட்டினார். பொருளாதார நிபுணர்கள் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இங்கே? 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது, பொறியியலும் பட்டமும் டிப்ளமாவும் படித்த 7000 பேர் வந்து நின்றார்கள். நிரந்தர வேலை, அரசுச் சம்பளம். துடைப்பத்தோடு பென்சன் ஒட்டியிருந்தால் படித்தவனெல்லாம் வருகிறான். அதே துடைப்பம் ஒப்பந்தக்காரனிடம் போனதும் யார் மிஞ்சுகிறார்கள்? விடியற்காலை உங்க ஊர் நகராட்சித் தெருவில் நின்று பாருங்கள்.

2024இல் வங்காளதேச மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீதம் என்ற ஒதுக்கீட்டை நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்ததுதான் பொறி. 1400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு ஓடினார். உடனே இங்கே சில பேர், "பாத்தீங்களா, இடஒதுக்கீடு நாட்டையே எரிக்கும்" என்று கிளம்பினார்கள். அவர்களுக்குச் சொல்வோம். எரித்தது வாரிசு உரிமை. தீண்டாமைக்கு ஈடாகக் கொடுத்த பங்கு அங்கே எரியவில்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. 2018க்கு முன்பு பெண்களுக்கு 10, சிறுபான்மை இனக்குழுக்களுக்கு 5 சதவீதம் இருந்தது. 2024 ஜூலை 21 தீர்ப்பில் பெண்களுக்கு ஒன்றுமில்லை, இனக்குழுக்களுக்கு 1 மட்டும். ஆண்டவன் சண்டையில் அடிவாங்குறது எப்பவும் கடைசியில் நிற்கிறவன்தான்.

2025 செப்டம்பரில் நேபாள இளைஞர்கள் இரண்டே நாளில் பிரதமர் ஒலியைப் பதவியிறக்கினார்கள். 70க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாட்டு உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு வெளிநாட்டுக் கூலிப் பணம் வருகிற நாடு அது. நமக்கு இது புதுசா? அறந்தாங்கிப் பக்கம் சிங்கப்பூர், சவூதிப் பணத்தில் எழுந்த மாடிகள் எத்தனை! நிலத்தை அடகு வைத்துப் போனவன் மாடி கட்டினான். வைக்க நிலமில்லாத நம்ம பையன் வட்டிக்கு வாங்கிப் போய் வட்டியைத்தான் கட்டினான். அந்தப் பணம் என் கவுண்டர் வழியாகத்தான் போனது.

என் வங்கி வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2000-01இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். 2001இல் ஆளெடுப்பு வாரியங்களைக் கலைத்தார்கள். பிறகு 2011இல்தான் பொதுத்தேர்வு வந்தது. அதில் எழுதி நான் நுழைந்தேன். சேரியின் முதல் பட்டதாரித் தலைமுறை வாசலுக்கு வந்தபோது வாசலையே சிறுசாக்கிவிட்டார்கள். தனியார் வாசலில் நமக்குப் பங்கு எழுதப்படவே இல்லை. இதை நான் நன்றியோடு இல்லை, கூச்சத்தோடு எழுதுகிறேன். அந்தத் தம்பி என்னைவிட நல்லாப் படித்தவன்.

என்ன செய்வது? எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதை நிறுத்துவோம். யாருக்கு என்ன வேலை, என்ன கூலி, எத்தனை நாள் என்று கேட்போம். 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று மத்திய அரசு 2025இல் அறிவித்தது. சாதியை மட்டும் எண்ணிப் பயனில்லை, சாதியோடு தொழிலையும் சேர்த்து வெளியிட வேண்டும். நிரப்பாத பட்டியல் சாதி இடங்களை நிரப்ப வேண்டும். துப்புரவு வேலையில் ஒப்பந்தத்தை ஒழிக்க வேண்டும். தனியார் துறையில் பங்கு வேண்டும்.

அரசு எண்ணும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொருவரும் உங்க தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்ன படிச்சிருக்கீங்க, என்ன வேலை செய்யுறீங்க, மாசத்துல எத்தனை நாள், கையில எவ்வளவு என்ற நாலு கேள்வி போதும். எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். அடுத்த இதழில் நம்ம கணக்கை நாமே போடுவோம்.

முதல் தாள் வந்துவிட்டது. பத்து வீடு, நாலு பட்டதாரி, மாதச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. சலான் எழுதிப் பழகிய கை.

தோழமையுடன்,
ஆசிரியர்