குதிரை வந்துச்சு, லாடக்காரர் வரலை

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் பஸ்ஸுல போனா முக்காணிக்கு முன்னால பழையகாயல் வரும். உப்பளம், வாழைத்தோட்டம், ரெண்டு டீக்கடை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவங்ககூட திரும்பிப் பார்க்கிறதில்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால இந்தக் காயல் துறையிலதான் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. தாமிரபரணி கொண்டு வந்து போட்ட வண்டல்ல துறை தூர்ந்து, கடல் தள்ளிப் போயிருச்சு. அதனால இன்னைக்குப் பார்த்தா நம்ப முடியாது.

13-ஆம் நூற்றாண்டோட கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை விவரமா எழுதியிருக்காரு. அப்போ குலசேகர பாண்டியன் காலம். ஓர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்து வியாபாரிங்க குதிரை கொண்டு வருவாங்க. ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்குவாரு, அவர் தம்பிமாரும் ஆளுக்கு அதே அளவு. வருஷக் கடைசியில நூறு குதிரைகூட உயிரோட மிஞ்சாதாம். அடுத்த வருஷம் திரும்பவும் கொள்முதல். கணக்குல கொஞ்சம் கப்பல்காரங்க பேச்சும் கலந்திருக்கும், அதை நான் அப்படியே நம்பலை. ஆனா செத்துக்கிட்டே இருந்துச்சு, வாங்கிக்கிட்டே இருந்தாங்க என்பதை அவர் மட்டும் சொல்லலை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் உள்ள போறாரு. கிஷ் தீவு வியாபாரி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்புறதா ஒப்பந்தம். ஒண்ணுக்கு 220 பொன் தினார். வழியில கடல்ல செத்துப்போனாலும் அதுக்கும் விலை உண்டு! வந்து இறங்கின குதிரையை நாற்பது நாள் முளையில கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயில சமைச்ச தானியமும் காய்ச்சின பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பாங்களாம். போலோ இறைச்சி சேர்த்த சோறுன்னு எழுதுறாரு. பாலைவனத்துல ஓடிப் பழகின சீவனை நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார வச்சுச் சோறு போட்டா என்ன ஆகும்? கால் வீங்கும், வயிறு கட்டும். மாடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இவ்வளவுக்கும் பணம் எங்க இருந்து வந்துச்சு? முத்துக்குளிப்புல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை அடக்கி இறங்கினவன் எடுத்த சிப்பி, கடைசியில லாயத்துல செத்துக்கிடந்த குதிரைக்கும் விலையாச்சு.

எனக்கு உறைக்கிறது போலோ சொல்ற இன்னொரு விஷயம். லாடம் அடிக்க, குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது. வியாபாரிங்க அப்படிப்பட்ட ஆளைக் கூட்டிட்டு வரமாட்டாங்க. தானா வர்றவனையும் தடுத்துருவாங்க. குதிரை பிழைச்சா அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துரும்ல! வித்தவன் மேல எனக்குப் பெரிய கோவம் இல்லை, அவன் பிழைப்பு அது. செத்ததுக்கும் காசு தர்றேன்னு ஒத்துக்கிட்டு, “குதிரையோட ஒரு ஆளையும் அனுப்பு”ன்னு ஒரு வரி சேர்க்காத வாங்கினவன் மேலதான் கோவம்.

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை நமக்குத் தெரியும். கஜானாப் பணம் திருப்பெருந்துறையில கோவிலாச்சு, வந்த குதிரையெல்லாம் ராத்திரியோட நரியாச்சு. அது சிவன் திருவிளையாடல். ஆனா காலையில லாயத்தைத் திறந்து பார்த்துத் தலையில கை வைக்கிற ராஜா, இந்தக் கரைக்குப் புதுசு இல்லை.

நம்ம சீதோஷ்ணத்துல குதிரை தாங்காதுன்னு சிலர் சொல்லுவாங்க. கடற்கரைப் புழுக்கம் அதுக்கு ஒத்துக்காதுதான். ஆனா ராஜஸ்தான்ல மார்வாரி, குஜராத்துல கத்தியவாரின்னு உள்நாட்டு இனங்கள் வெயில்லதான் நிக்குது. நம்ம மாவட்டத்துலயே கொடை, பொங்கல்னா குதிரை வண்டிப் பந்தயம் ஓடுது. பார்க்கத் தெரிஞ்சவன் கையில அது பிழைக்குது.

வடக்க ஐஸ்லாந்துன்னு ஒரு குளிர் தீவு. அங்க வெளிநாட்டுக் குதிரை ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது, வெளிய போன அவங்க குதிரையும் திரும்ப வரக்கூடாதுன்னு சட்டம். நோய் வந்துறக்கூடாதுன்னுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல அதே குட்டையான இனத்தைத் தாங்களே பெருக்கி, கோடையில மலையில மேய விட்டு, இலையுதிர் காலத்துல ஊரே கூடி ஓட்டிட்டு வருது. அவங்ககிட்ட பாண்டியன் அளவு பொன்னும் இல்லை, முத்தும் இல்லை. குதிரையோட எப்படி வாழணும்கிறது வீட்டுக்கு வீடு தெரிஞ்சிருந்துச்சு. கதவைச் சாத்தணும்னு நான் சொல்ல வரலை, நம்ம வாழை வெளிய போகலைன்னா நமக்குச் சோறு ஏது?

ஆனா இன்னைக்கும் நம்ம கொள்முதல் பாண்டியன் கொள்முதல்தான். எங்க தெருவுல ஒருத்தர் வெளியூர்ல இருந்து ரெண்டு கலப்பினக் கறவை இறக்கினாரு. இருபது லிட்டர்னு சொல்லி வித்தாங்க. தீவனம் என்ன, உண்ணிக்கு என்ன, உச்சி வெயிலுக்கு என்னன்னு ஒருத்தரும் சொல்லலை. ஒண்ணு மடிநோயில படுத்துச்சு. வித்த ஆள் போன்ல, “அண்ணாச்சி, வேற நல்ல மாடு வந்திருக்கு, அனுப்பவா?”ங்கிறான். பவர் வீடரும் அப்படித்தான், மெஷின் கிடைக்குது, பழுது பார்க்க ஆள் இல்லை. மானியம் கொடுக்கிறவங்க மாட்டுக்கும் மெஷினுக்கும் கொடுக்கிறதுல பாதியை, ஊர்ல ரெண்டு பையன்களுக்குப் பார்க்கக் கத்துக்கொடுக்கச் செலவு பண்ணணும். நாமளும் வாங்குறப்போ விலைக்கு முன்னால, “பார்க்க யார் வருவா?”ன்னு கேட்கணும்.

காளைக்கு லாடம் அடிக்கிறவங்க எங்க சுத்துப்பட்டுல இப்போ ஒரே ஒருத்தர். வயசு எழுபது தாண்டிருச்சு. கயித்தைப் போட்டு மாட்டை வலிக்காம சாய்க்கிறதே பெரிய வித்தை, அவர் மகன் திருப்பூருக்குப் போயிட்டான். பொங்கல் பந்தயத்துக்கு அவர் எங்க ஊருக்கு வர்ற நாளைக் கேட்டு, மூணு ஊர்க்காரங்க இப்பவே போன் பண்ணிட்டு இருக்காங்க.