பூனை மீதும் பழி, பெண் மீதும் பழி

 

எங்கள் நாமக்கல் பகுதியில் ஒரு குடும்பம். மருமகளுக்கு முதற்கரு கலைந்துவிட்டது. இரத்தப் பரிசோதனைத் தாளில் 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற பெயரைக் கண்டதும், தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பூனையே காரணமென வீட்டார் முடிவு கட்டினர். பூனையைச் சாக்கில் கட்டித் திருமணிமுத்தாற்றங்கரையில் விட்டனர். பழியோ அப்பெண்ணின் தலையில் விழுந்தது. இது நீதியாகுமா?

1908ஆம் ஆண்டு தூனிஸ் நகரில் கண்டறியப்பட்ட இவ்வொட்டுண்ணியின் தொற்றை மருத்துவர்கள் நான்காக வகுப்பர்.

முதலாவது, உடல்நலமுள்ளோருக்கு வருவது. பெரும்பாலும் அறிகுறியே இராது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வரும், பின்பு தணிந்துவிடும். கிருமி மட்டும் தசையிலும் மூளையிலும் உறங்கிக் கிடக்கும்.

இரண்டாவது, நோயெதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு வருவது. எய்ட்ஸ் நோயாளிகளிடம் உறங்கிய கிருமி விழித்து மூளையைத் தாக்கக்கூடும்.

மூன்றாவது, கண்ணைத் தாக்குவது. விழித்திரை அழன்று பார்வை மங்கும். 2004ஆம் ஆண்டில் தொடங்கி நம் அண்டை நகரான கோவையில் 248 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். ஆராய்ந்த மருத்துவர்களின் ஐயம் குடிநீரின் மீதே சென்றது.

நான்காவது, தாயிடமிருந்து கருவுக்குச் செல்வது. கருவுற்றிருக்கும்போது முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால்தான் பெரும்பாலும் இவ்வாபத்து. தொடக்க மாதங்களில் கருவை எட்டுவது அரிது, எட்டினால் கேடு பெரிது. கருவுறுமுன்பே தொற்று வந்து போயிருப்பின், நலமுள்ள தாயின் குழந்தைக்குப் பொதுவாக அச்சமில்லை.

எனவே 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைக் கண்டு பதறாதீர்கள். 'ஐ.ஜி.ஜி.' மட்டும் இருப்பின் அது பெரும்பாலும் பழைய தொற்றின் சுவடு. 'ஐ.ஜி.எம்.' கூடப் பல மாதங்கள் நீடிக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே, நாமல்லர்.

பூனையைத் தொடுவதால் மட்டும் இந்நோய் வருவதில்லை. அதன் மலத்தில் வெளியேறும் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆகவே அன்றாடம் அப்புறப்படுத்துங்கள். கருவுற்றவர் அவ்வேலையைப் பிறரிடம் விடட்டும். கறியை நன்கு வேகவையுங்கள். குர்பானிக் கறி அரிந்த கத்தியையும் பலகையையும் கைகளையும் கழுவுங்கள். கீரை, காய்களை அலசுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அப்பெண்ணின் தாளில் இருந்தது பழைய தொற்றே என மருத்துவர் பின்னர் விளக்கினார். பூனை திரும்பவில்லை. அவளிடம் கூறிய சொற்களும் திரும்பப் போவதில்லை. பூனையைப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். ஆராயாமல் பழி சுமத்துவதிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.