சில்லு ஜோசியம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இனி வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் தொழில் இன்று மூன்று வகையாக நடந்து வருகின்றது.

ஒன்று, பஞ்சாங்கத்தைப் பிரித்து, இன்ன நட்சத்திரத்தில் புது வலையைத் தண்ணீரில் இறக்கினால் இறால் மண்டும் என்று சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டு போவது. இறால் மண்டினால் பஞ்சாங்கத்துக்குப் பெருமை. மண்டாவிட்டால் வலைக்காரனுடைய கர்மத்தின் மேல் பழி. இரண்டாவது, ஐதராபாத்தில் 1999-ல் ஏற்பட்ட கடல் தகவல் மையத்தார், செயற்கைக்கோளைக் கொண்டு கடல் நீரின் சூட்டையும் நிறத்தையும் அளந்து, கடலில் இன்ன திக்கில், இவ்வளவு தூரத்தில் மீன் கூடக்கூடும் என்று செய்தி அனுப்புவது. அது பலிக்காமலும் போகலாம். ஆனால் எதை அளந்து சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். பலித்ததா இல்லையா என்பதைப் படகை ஓட்டிப்போய்ப் பார்த்துவிடவும் முடியும்.

மூன்றாவது வகை இப்பொழுது புதிதாகக் கிளம்பியிருப்பது. "மடிக்கணினி இப்பொழுது வாங்காதே, அடுத்த ஆண்டு வரப்போகும் ப்ராசஸர் இதைவிட இரண்டு பங்கு வேகம்" என்பான் ஒருவன். "இந்தச் சில்லு செத்துவிட்டது, இனி அந்தச் சில்லுக்குத்தான் காலம்" என்பான் இன்னொருவன். கைப்பேசியைத் திறந்தால் இதே பேச்சு. கடைக்குப் போனால் இதே பேச்சு. இந்த மூன்றாவது வகை, முதல் வகையைச் சேர்ந்ததா, இரண்டாவது வகையைச் சேர்ந்ததா என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இதென்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். குப்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மடிக்கணினி வாங்கித்தர வேண்டுமானால், அவள் தாய் மீன் கூடை சுமந்து சேர்த்த பணமும் போதாமல் வட்டிக்கும் வாங்க வேண்டியிருக்கின்றது. அந்தப் பணத்தைப் பொய்யான பெருமைக்காக அதிகம் கொடுப்பதும் நஷ்டம்; "அடுத்தது வரட்டும்" என்று படிப்பில் ஒரு வருஷத்தைப் போக்கடிப்பதும் நஷ்டம். பணக்காரன் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். ஏழை ஏமாந்தால் வட்டி கட்டுவான்.

ப்ராசஸர் என்பது மடிக்கணினிக்குள் கணக்குப் போடுகின்ற சில்லு. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கானில் கோடிக்கணக்கான சிறு சுவிட்சுகளைப் பொறித்து மனிதன் செய்த கருவி. மனிதன் செய்ததாகையால் மனிதன் அதை அளக்கலாம். அளக்கக்கூடிய ஒன்றைப்பற்றி ஆரூடம் கேட்பானேன்?

முன் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம். 2000-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனியார் பென்டியம் 4 என்னும் சில்லை வெளியிட்டபோது, அதன் அமைப்பு காலக்கிரமத்தில் 10 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் பாமரர்களல்ல, உலகத்திலேயே பெரிய சில்லுக் கம்பெனியார். நடந்தது என்ன? சூடு தாங்காமல் 3.8-லேயே நின்றுபோயிற்று. 4 கிகாஹெர்ட்ஸ் சில்லு கொண்டுவரும் திட்டத்தையும் 2004-ல் அவர்களே கைவிட்டார்கள். இன்றுவரையில் கடையில் விற்கும் எந்த மடிக்கணினியும் அந்தப் பத்தைத் தொடவில்லை. அதே கம்பெனியார் 2016-ல் வரும் என்று எதிர்பார்க்கச் செய்த 10 நானோமீட்டர் முறைச் சில்லுகள் 2019-ல்தான் தாராளமாக வெளிவந்தன.

இதனால் விஞ்ஞானமும் ஜோசியமும் ஒன்று என்று யாராவது சொல்ல வந்தால், அது சுத்தப் புரட்டாகும். கார்டன் மூர் என்பவர் 1965-ல், சில்லில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்றார். 1975-ல் அவரே, இனி இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகும் என்று கணக்கைத் திருத்தினார். திருத்தியதனால் அவருக்கு மரியாதை குறைந்துவிட்டதா? எந்தப் பஞ்சாங்கக்காரனாவது, "போன வருஷம் நான் சொன்னது தப்பு, இதோ காரணம், இதோ திருத்தம்" என்று சொன்னதுண்டா? வித்தியாசம் இங்கேதான் இருக்கின்றது.

நிற்க, இப்பொழுதைய செய்திக்கு வருவோம். 2025 அக்டோபரில் இன்டெல் கம்பெனியார் பாந்தர் லேக் என்னும் புதுச் சில்லின் அமைப்பை வெளியிட்டு, முந்தியதைவிட 50 சதவீதத்துக்கு மேல் வேகம் என்றார்கள். அது 2026 ஜனவரியில் சந்தைக்கும் வந்தது. 50 என்பது பொய்யா? பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதில் 50 என்று கேட்க வேண்டாமா? பல வேலைகளை ஒரே சமயத்தில் பங்குபோட்டுச் செய்யும்போது 50. ஒரே வேலையை ஒரு கோர் செய்யும்போது அவர்களே சொன்ன கணக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கோர் என்பது சில்லுக்குள் தனித்தனியே கணக்குப் போடும் ஆள் போன்றது. முந்திய லூனார் லேக் சில்லில் 8 ஆட்கள்; புதியதில் பெரிய வகைக்கு 16 ஆட்கள். எட்டுப்பேர் இழுத்த வலையைப் பதினாறுபேர் இழுத்தால் சீக்கிரம் கரையேறும் என்பதற்கு ஆரூடம் எதற்கு? கட்டுரை எழுதவும், பாடம் கேட்கவும், கணக்குத்தாள் போடவும் மடிக்கணினி வேண்டுகின்ற பெண்ணுக்கு அந்த 16 ஆட்களில் முக்கால்வாசிப்பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பது யார்?

இன்னொரு விளம்பரம் செயற்கை அறிவு என்பது. 2024-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியார், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிப் பகுதி உள்ள மடிக்கணினிகளுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். அந்தப் பகுதி என்ன வேலைக்கு, அந்த வேலை நமக்கு உண்டா என்று கேட்காமல் மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பது, தாயத்தின் எடையைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

"பொறுத்தால் விலை குறையும்" என்பதும் வேதவாக்கல்ல. 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. விலை இறங்கும் என்று காத்திருந்தவன் கையில் மடிக்கணினியும் இல்லை, மிச்சமும் இல்லை.

அன்றியும், நம்மவர்களிலேயே சிலர் செய்யும் ஜோசியத்தையும் கண்டிக்காமல் விட்டால் நாம் நடுநிலைமை தவறியவர்களாவோம். சில்லுக்கு இடுகின்ற கட்டளைகளின் தொகுதியையே அதன் அமைப்பு என்கிறார்கள். 1978-ல் இன்டெல் தொடங்கிய குடும்பத்தில் இன்று மடிக்கணினிச் சில்லு செய்து பெரிய அளவில் விற்பவர்கள் இன்டெல், ஏ.எம்.டி. என்னும் இரு கம்பெனியார். ஆர்ம் என்னும் குடும்பத்தில் பணம் கட்டி அனுமதி வாங்கியவர்கள் செய்யலாம். ஆப்பிள் 2020-லும், குவால்காம் 2024-லும் கொண்டுவந்த மடிக்கணினிச் சில்லுகள் அவ்வகை. இது பழவேற்காட்டுப் பாட்டு முறையைப் போன்றது. ஏரி ஒன்றுதான், ஆனால் இன்ன இடத்தில் வலை வைக்கும் பாடு, உரிமை பெற்ற குடும்பத்து ஆண்களுக்கே முறைப்படி வரும், மற்றச் சமூகத்தாரும் பெண்களும் வெளியே நிற்க வேண்டும். அம்முறையால் சண்டை குறைகின்றது என்பதும் உண்மையே; வெளியே நிற்பவன் வயிறு அதனால் நிறைவதில்லை என்பதும் உண்மையே.

மூன்றாவது குடும்பம் ரிஸ்க்-ஃபைவ் என்பது. 2010-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதன் கட்டளைத் தொகுதியை யாரும் அனுமதியின்றி எடுத்தாளலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் செய்த சக்தி ப்ராசஸர் இவ்வகையைச் சேர்ந்தது. 2018-லேயே அதில் சில்லு செய்து காட்டினார்கள். பிறப்பையும் பணத்தையும் கேளாத அறிவு என்பதனால் இதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் வரவேற்பது வேறு. "நாளைக்கே நம் சில்லு மடிக்கணினியில் வந்து அன்னிய சில்லுகளை விரட்டிவிடும்" என்று மார்தட்டுவது வேறு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் 2025 டிசம்பரில் அறிவித்த துருவ்64 சில்லுக்கு 2 கோர், வேகம் 1 கிகாஹெர்ட்ஸ். கடையிலுள்ள மடிக்கணினிச் சில்லுகள் உச்சத்தில் 4, 5 என்று ஓடுகின்றன. இந்த எண்களைச் சொல்வது தேசத் துரோகமாகாது. மறைப்பதுதான் துரோகம்.

நம் சில்லுக்காரர்கள் சரியான வழியில் நடந்த உதாரணமும் ஏரிக்கு அக்கரையிலேயே இருக்கின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்று நம் மீனவர்களைத் தடுக்கிறார்கள். அந்த ராக்கெட்டை நடத்துவதும் ஒரு ப்ராசஸர்தான். விக்ரம் 3201 என்னும் புதிய உள்நாட்டுச் சில்லை, 2024 டிசம்பர் 30-ல் அங்கிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் விண்வெளியிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அதன் பின்னரே 2025-ல் வெளியிட்டார்கள். அது 180 நானோமீட்டர் முறையில் செய்த சில்லு. மடிக்கணினிக்கு உதவாது, ராக்கெட்டுக்கு உதவும். எதற்காகச் செய்தார்களோ அதில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ராக்கெட்டின் மாதிரியைக் கோவிலுக்கு எடுத்துச் சென்று பூஜை போடுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் சில்லை ஒப்புக்கொண்டது பூஜையைப் பார்த்தல்ல, சோதனையைப் பார்த்து.

ஆகவே தோழர்களே! வரப்போகும் சில்லைப்பற்றி யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்து சொல்கிறாய்? விற்பவனைத் தவிர வேறு யார் அளந்தார்கள்? நீ சொன்னது தப்பென்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது கடல் தகவல் மையத்தின் செய்தியைப் போன்றது. பதில் இல்லையானால் பஞ்சாங்கத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

வாங்க வேண்டியிருப்பவர்கள், இன்று கையில் எடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடியதை, தங்கள் வேலைக்குப் போதுமானதை வாங்குங்கள். பழையது வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள்: விண்டோஸ் 10-க்கு இருந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது; எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஏற்காவிட்டாலும் அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் பாடத்துக்கு உழைக்கும்.

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினியை வாங்கிப் படித்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். அப்பொழுதும் "இது மட்டச் சில்லு" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அரசு அறிவித்ததை வாங்கும் பிள்ளைகளும் இதே ஏளனத்தைக் கேட்கக்கூடும். அவர்கள் தலைகுனிய வேண்டுவதில்லை. மடியிலிருக்கும் சில்லு எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதால் ஒருவனுக்கு மேன்மையும் இல்லை, கீழ்மையும் இல்லை. அதைக்கொண்டு என்ன படித்தாய், அடுத்த சில்லை நீயே செய்யும் அளவுக்குக் கற்றாயா என்பதே கேள்வி.